உள்ளங்கால் உரைத்த உண்மை: மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கியின் வாழ்க்கை

பாரிசவாதம் கண்ட பெரியவர் ஒருவரை மருத்துவமனையிற் சேர்த்திருக்கிறார்கள். வாய் கோணியிருக்கிறது, பேச்சுக் குழறுகிறது, ஒரு பக்கத்துக் கையும் காலும் விளங்கவில்லை. மருத்துவர் வந்து நாடியைப் பார்க்கிறார், நெஞ்சொலியைக் கேட்கிறார், சிறு சுத்தியால் முழங்காலின் கீழே தட்டுகிறார். இறுதியாகப் போர்வையின் கீழ்ப்பகுதியை விலக்கிக் கையிலுள்ள சாவியின் முனையால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மெல்ல ஒரு கோடு இழுக்கிறார். காற்பெருவிரலை உற்று நோக்குகிறார். சுற்றி நிற்கும் உறவினருக்கு வியப்பு உண்டாகிறது. கோளாறு தலையில் இருக்க, மருத்துவர் பார்ப்பதோ பாதத்தை! இஃது என்ன சோதனை என்று அவர்கள் எண்ணுவது இயல்பே.

சில நொடிகளில் முடிந்துவிடும் இச்சோதனையின் பொருளை உலகுக்கு உணர்த்தியவர் ஜோசப் பாபின்ஸ்கி என்னும் பெரியார். அவர் பிறந்து வாழ்ந்து மறைந்தது பாரிஸ் மாநகரில். ஆயினும் அவருடைய பெற்றோர் பிரெஞ்சுக்காரர் அல்லர். போலந்து நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் நகரில் மக்களை வளர்க்கும் நமக்கு, அத்தகைய ஒரு குடும்பத்திற் பிறந்தவரின் வரலாறு தனியானதோர் ஈர்ப்பு உடையது. நாம் பிழைப்பை நாடி வந்தோம். அவர்களோ அடிமைப்பட்ட நாட்டிலிருந்து அடைக்கலம் நாடிச் சென்றார்கள். அவ்வேற்றுமையையும் மறவாமல் அவர் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. அண்டை அரசுகள் மூன்றும் அதனைக் கூறுபோட்டுக் கொண்டன. வார்ஸா நகரம் உருசிய ஆட்சியில் இருந்தது. பாபின்ஸ்கியின் தந்தையார் அலெக்ஸாந்தர், ஒரு பொறியியலார். 1848-ஆம் ஆண்டளவில் அவர் தம் மனைவியாருடன் வார்ஸாவை நீங்கிப் பாரிஸை அடைந்தார். அங்கே மூத்த மகன் ஹென்றியும், 1857 நவம்பர் 17-ஆம் நாள் இளைய மகன் ஜோசப்பும் பிறந்தனர்.

பாரிஸில் குடியேறிய போலந்து மக்கள் தம் குழந்தைகளுக்கெனப் பத்தின்யோல் என்ற பகுதியில் ஒரு பள்ளியை 1842-ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தனர். பாபின்ஸ்கி சகோதரர் அப்பள்ளியிற் பயின்றனர். பிரெஞ்சு நாட்டின் கல்வியும் பெற்றோரின் தாய்மொழியும் அங்கே ஒருங்கே கிடைத்தன. வாழ்நாள் முழுவதும் பாபின்ஸ்கி, தாம் பிறந்த பிரான்சுக்கும் தம் முன்னோரின் போலந்துக்கும் ஒருசேர உரியவராகவே தம்மைக் கருதினார்.

குடும்பம் செல்வம் உடையதன்று. தமையனார் ஹென்றி சுரங்கப் பொறியியல் கற்று வெளிநாடுகள் சென்று பொருளீட்டினார். தம்பியின் மருத்துவக் கல்விக்கும் பிற்கால வாழ்வுக்கும் துணையாக நின்றார். ஜோசப் 1885-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சி நூல், மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்புகள் தோன்றும் ஒரு நரம்பு நோயைப் பற்றியது.

ஆசிரியரும் மாணவரும்

அக்காலத்தில் நரம்பு நோய் மருத்துவத்துக்குத் தலைநகரம் பாரிஸ். பாரிஸில் அதன் தலைவாயில் சால்பெத்ரியேர் மருத்துவமனை. முற்காலத்தில் வெடிமருந்துக் கிடங்காக இருந்த இடத்தில் எழுந்தது அது. ஆயிரக்கணக்கான பெண்கள் தீராப் பிணியோடு அங்கே அடைபட்டிருந்தனர். அம்மருத்துவமனையின் பெருந்தலைவர் ஷார்க்கோ. நரம்பு நோய்களுக்கென்றே ஏற்பட்ட பேராசிரியர் பதவி 1882-ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய பாடங்களைக் கேட்கப் பல நாட்டு மருத்துவர்கள் வந்தனர். 1885-ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து வந்த இளைஞர் சிக்மண்ட் பிராய்டும் அவருள் ஒருவர்.

அதே 1885-ஆம் ஆண்டில் ஷார்க்கோவின் உதவி மருத்துவராக அமர்ந்தார் பாபின்ஸ்கி. ஆசிரியரின் அன்புக்கு உரிய மாணவராகவும் ஆனார். ப்ரூயே என்ற ஓவியர் 1887-ஆம் ஆண்டில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. ஷார்க்கோ பாடம் நடத்துகிறார். மாணவர் கூட்டம் கேட்கிறது. மயங்கிச் சாயும் பெண்ணொருத்தியைப் பின்னின்று தாங்கிப் பிடிக்கிறார் நெடிய உருவம் கொண்ட ஓர் இளைஞர். அவ்விளைஞரே பாபின்ஸ்கி.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததாகக் கூறப்பட்ட நோயின் பெயர் ஹிஸ்டீரியா. கை கால் விழுந்துவிடும், இசிவு வரும், உணர்ச்சி மரத்துப்போகும், ஆனால் மூளையையோ நரம்பையோ ஆராய்ந்தால் எந்தச் சிதைவும் காணப்படாது. ஷார்க்கோ இந்நோயை அறிதுயிலின் வழியே மேடையிற் காட்டினார். இளம் பாபின்ஸ்கியும் ஆசிரியரின் வழியிலேயே சென்றார். ஒரு நோயாளியின் ஹிஸ்டீரியாக் குறிகளைக் காந்தத்தின் துணையால் மற்றொரு நோயாளிக்கு மாற்றிவிடலாம் என்று 1886-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையும் எழுதினார். அது பிழையான முடிவு. காந்தம் எதையும் மாற்றவில்லை. மருத்துவர் எதிர்பார்ப்பதை நோயாளிகள் தம்மை அறியாமலே செய்து காட்டினர். பிற்காலத்தில் பாபின்ஸ்கி தாமே அவ்வழியிலிருந்து முற்றும் விலகினார். தாம் ஒருமுறை ஏமாந்தவர் என்பதால்தான், ஏமாற்ற இயலாத அடையாளங்களை அவர் அத்துணை விடாப்பிடியாகத் தேடினார் என்று கருத இடமுண்டு.

தோல்வி தந்த இடம்

1890-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவமனைகளின் மருத்துவராக அவர் தேர்வு பெற்றார். பேராசிரியர் ஆவதற்கு மற்றொரு போட்டித் தேர்வில் வெல்லவேண்டும். 1892-ஆம் ஆண்டில் அத்தேர்வை எழுதினார். தேர்வுக் குழுவின் தலைவர் பூஷார் என்பவர். ஒருகாலத்தில் ஷார்க்கோவின் மாணவராக இருந்து பின்னர் அவருக்கு எதிரியாக மாறியவர். பூஷாரின் மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஷார்க்கோவின் அன்பு மாணவர் தேறவில்லை. அடுத்த ஆண்டே ஷார்க்கோ காலமானார். பாபின்ஸ்கி மீண்டும் அத்தேர்வுக்குச் செல்லவே இல்லை. உலகம் போற்றிய அம்மருத்துவர் இறுதிவரை பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகவில்லை.

பேராசிரியர் பதவி கைவிட்டுப் போயிற்று. நோயாளியின் கட்டில் எஞ்சி நின்றது. 1895-ஆம் ஆண்டு லா பித்தியே என்ற மருத்துவமனையில் ஒரு பிரிவின் தலைவர் ஆனார். 1922-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். பாடத்திட்டமும் தேர்வுக் குழுக்களும் இல்லாத அவ்விடத்தில், காலை நேரம் முழுவதையும் நோயாளிகளைச் சோதிப்பதிலேயே செலவிட அவருக்கு வாய்ப்புக் கிட்டியது.

அவர் சோதிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. மிகக் குறைவாகப் பேசுவார். மேடைச் சொற்பொழிவு அவருக்கு உவப்பன்று. நல்ல வெளிச்சத்தில், ஆடை களைந்த நிலையில், நோயாளியின் உடலை வலமும் இடமும் ஒப்பிட்டு நெடுநேரம் நோக்குவார். சுத்தியால் தட்டியும், ஊசியால் தொட்டும், நடக்கவும் குனியவும் எழவும் செய்தும் பார்ப்பார். ஒரு குறியை ஒரு முறை கண்டால் அவருக்குப் போதாது; மீண்டும் மீண்டும் பார்த்து உறுதி செய்வார்.

பெருவிரலின் சான்று

அக்கால மருத்துவருக்கு நேர்ந்த இடர்ப்பாடு இது. அடுத்தடுத்த கட்டில்களில் இரு பெண்கள் கால் விளங்காமற் கிடக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருத்திக்கு மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது தண்டுவடத்தை ஒரு கட்டி நெருக்குகிறது. மற்றவளுக்கு நரம்பில் எச்சிதைவும் இல்லை. இருவரும் ஒரே குறையைத்தான் கூறுவர். உள்ளே படம் பிடித்துக் காட்டும் கருவி ஏதும் அன்று இல்லை. ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டதே 1895-ஆம் ஆண்டின் இறுதியில்தான். அக்கதிரும் எலும்பைக் காட்டுமேயன்றி மூளையின் சிதைவைக் காட்டாது. முதலாமவளை மனநோயென்று தள்ளினால் கட்டி வளர்ந்து உயிரைக் குடிக்கும். இரண்டாமவளைத் தீரா நோயாளி என்று முடிவு செய்தால், எழுந்து நடக்கக் கூடியவள் ஆண்டுக்கணக்கிற் படுத்த படுக்கையாவாள். மருத்துவரின் ஒரு சொல்லில் ஒரு வாழ்வு அடங்கியிருந்தது.

நோயாளியின் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஓர் அடையாளம் வேண்டும். உடலில் அத்தகைய செயல்கள் உண்டு. கண்ணருகே ஏதேனும் வந்தால் இமை தானே மூடுகிறது. முழங்காலின் கீழுள்ள தசைநாரில் தட்டினால் கால் தானே துள்ளுகிறது. இவற்றை அனிச்சைச் செயல் என்பர். முழங்கால் துள்ளலை ஜெர்மானிய மருத்துவர்களாகிய எர்பும் வெஸ்ட்பாலும் 1875-ஆம் ஆண்டில் விளக்கியிருந்தனர். பாபின்ஸ்கி உள்ளங்காலை நோக்கித் திரும்பினார்.

1896 பிப்ரவரி 22-ஆம் நாள் பாரிஸ் உயிரியல் கழகத்தில் அவர் ஒரு சிறு அறிக்கையை அளித்தார். அச்சில் அஃது இருபத்தெட்டே வரிகள். அதன் சாரம் இதுதான்: நலமுள்ள பக்கத்தின் உள்ளங்காலைக் குத்தினால், தொடையும் முழங்காலும் கணுக்காலும் மடங்குவதோடு கால்விரல்களும் கீழ்நோக்கி மடங்குகின்றன. வாதம் கண்ட பக்கத்திலோ, மற்றவை மடங்கினும் விரல்கள் மடங்காமல் மேல்நோக்கி நிமிர்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து, 1898-ஆம் ஆண்டில், இதனை விரிவாக எழுதினார். பெருவிரல் மெல்ல மேலெழுவதே இதில் தலையாயது என்றும், உள்ளங்காலின் வெளியோரத்தைக் கீறும்போது இது தெளிவாகத் தோன்றும் என்றும் விளக்கினார். மற்ற விரல்கள் விசிறிபோல் விரிவதை 1903-ஆம் ஆண்டில் சேர்த்துரைத்தார்.

இதன் காரணத்தை எளிதிற் கூறலாம். மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு நரம்புப் பாதை இறங்கி, முகுளத்தில் பெரும்பாலும் வலம் இடமாக மாறித் தண்டுவடத்தின் வழியே செல்கிறது. நாம் நினைத்தபடி கை கால்களை அசைப்பது இப்பாதையின் துணையால். உள்ளங்காலைத் தீண்டும்போது விரல்கள் கீழ்நோக்கி மடங்குவதும், இப்பாதை கீழேயுள்ள நரம்புகளை அடக்கி ஆள்வதனாலேயே. பாதை எங்கேனும் பழுதுற்றால் அந்த ஆட்சி தளர்கிறது, பெருவிரல் மேலெழுகிறது. பிறந்த குழந்தைகளுக்கு இப்பாதை இன்னும் முதிரவில்லை. ஆகவே அவர்களின் பெருவிரல் மேலெழுவது இயற்கையே என்பதையும் பாபின்ஸ்கி அன்றே குறித்தார். குழந்தை நடக்கக் கற்கும் பருவத்தையொட்டி இது மாறிவிடும். தொட்டிற் குழந்தையின் பாதத்தை வருடிப் பார்த்த தாய்மார் எவரும் இதனைக் கண்டிருப்பர்.

பெருவிரல் மேலெழுவதை அவருக்கு முன்னும் சிலர் கண்டதுண்டு. கண்டவர்கள் கடந்து சென்றார்கள். அதன் பொருளை உணர்ந்து நிலைநாட்டியவர் பாபின்ஸ்கி. ஆதலின் அஃது இன்றும் பாபின்ஸ்கி குறி என்றே வழங்குகிறது.

அவர் இக்குறி ஒன்றோடு நின்றுவிடவில்லை. மல்லாந்து படுத்தவரைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொன்னால், மெய்யான வாதம் கண்ட கால் படுக்கையிலிருந்து தானே உயர்வதை 1897-ஆம் ஆண்டில் காட்டினார். மூளைச் சிதைவால் வந்த வாதத்தையும் ஹிஸ்டீரியா வாதத்தையும் பிரித்தறியும் குறிகளை 1900-ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தினார். உள்ளங்கையை மேலும் கீழுமாக விரைந்து புரட்ட இயலாமை சிறுமூளைக் கோளாற்றின் அடையாளம் என்பதை 1902-ஆம் ஆண்டில் விளக்கினார். இவை யாவற்றுக்கும் வேண்டிய கருவிகள் கையும் கண்ணும் ஒரு சிறு சுத்தியுமே.

1914-ஆம் ஆண்டில் அவர் அறிவித்த செய்தி நெஞ்சை நெகிழ்விப்பது. இடப்பக்கம் முழுவதும் வாதத்தால் விழுந்த சிலர், தமக்கு அக்குறை இருப்பதையே அறியாதிருந்தனர். இடக்கையைத் தூக்கச் சொன்னால், வேறொருவரிடம் சொன்னது போல வாளா இருந்தனர். இஃது ஆணவமும் அன்று, பிடிவாதமும் அன்று. மூளையின் வலப்பகுதியில் நேர்ந்த சிதைவின் விளைவே. அத்தகையவரைக் கடிந்துகொள்ளும் குடும்பத்தார் இன்றும் உண்டு. அவர்கள் அறியவேண்டிய உண்மை இது.

வெளிச்சமும் நிழலும்

பெரியார் ஒருவரின் வரலாற்றைக் கூறும்போது குறையை மறைத்தல் முறையன்று. ஹிஸ்டீரியா என்பது பிறர் சொல்லாலோ தம் எண்ணத்தாலோ மனத்திற் படிவது. ஆதலின் நல்லுரையால் தெளிவித்துத் தீர்க்கக் கூடியது என்பது 1901 முதல் பாபின்ஸ்கியின் கொள்கை. மேடைக் காட்சிகளினின்றும் நோயாளியை மீட்ட அளவில் அது நன்மையே. முதல் உலகப் போர் மூண்டபோது நிலைமை மாறியது. குண்டு வெடிப்பில் அதிர்ந்து கை நடுங்கியும் முதுகு வளைந்தும் பேச்சிழந்தும் வந்த படைவீரர் பல்லாயிரவர். அவர்களின் உடலில் சிதைவின் குறி காணப்படாவிடில், பாசாங்கு என்ற ஐயம் எளிதில் எழுந்தது. பாபின்ஸ்கியின் மாணவராகிய குளோவிஸ் வேன்சான், தூர் நகரில் அத்தகையோருக்கு வலிமிக்க மின்னோட்டச் சிகிச்சை அளித்தார். 1916-ஆம் ஆண்டில் ஒரு படைவீரர் அதற்கு உடன்படாது அவரைத் தாக்கினார். வழக்கு நீதிமன்றம் சென்று நாடெங்கும் பேசப்பட்டது.

பெருவிரல் மேலெழுந்தால் நோயாளியின் சொல்லுக்கு அது சான்று. மேலெழாவிடில் அவர் பொய்யர் என்று பொருளாகாது. நரம்பில் சிதைவு இல்லாமலே கால் விளங்காமற் போவதும் மெய்யான நோயே என்றும், அவருக்கும் பரிவும் பயிற்சியும் வேண்டும் என்றும் இன்றைய மருத்துவம் தெளிவாகக் கூறுகிறது. பாபின்ஸ்கியின் காலம் இதனை முழுமையாக உணரவில்லை.

அவருடைய துல்லியம் உயிர் காத்த வரலாறும் உண்டு. தண்டுவடத்தில் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறிகளைக் கொண்டே கணித்து அவர் சுட்டிக்காட்ட, லெசேன் என்ற அறுவை மருத்துவர் அக்கட்டியை எடுத்தார், நோயாளி குணமடைந்தார். இது நிகழ்ந்தது அப்போருக்கு முன்பே. பிரான்சில் மூளை அறுவை மருத்துவம் வேரூன்றியது, அவரால் ஊக்கம் பெற்ற தெ மார்த்தெலாலும் வேன்சானாலும் ஆகும். பெருவிரற் குறியைக் கண்டதைவிட இவர்களுக்கு வழிகாட்டியதையே தம் வாழ்வின் பெரும்பயனாக அவர் கருதினார் என்பர்.

இரு சகோதரர்

பாபின்ஸ்கி மணம் செய்துகொள்ளவில்லை. ஹென்றியும் அவ்வாறே. இருவரும் பாரிஸின் ஓஸ்மான் பெருவீதியில் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். வீட்டுப் பொறுப்பு முழுவதும் தமையனார் கையில். ஹென்றி சமையற்கலையில் தேர்ந்தவர். அலி-பாப் என்ற புனைபெயரில் 1907-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சமையல் நூல் பெரும்புகழ் பெற்றது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் தம்பிக்கு நல்ல உணவு காத்திருக்கும். வீட்டுக் கவலை சிறிதும் இன்றித் தம்பி ஆராய்ச்சியில் ஈடுபட்டதற்கு அத்தமையனாரே காரணம்.

முதுமையில் பாபின்ஸ்கியைப் பற்றியது பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடல் விறைக்கும் அந்நோயும் நரம்பு மண்டலத்தைச் சார்ந்ததே. ஆயிரமாயிரம் பேரிடம் தாம் நோக்கிய தளர்ச்சியைத் தம் உடலிலேயே காணலானார். 1931-ஆம் ஆண்டில் ஹென்றி காலமானார். வாழ்நாட்டுணையை இழந்த தம்பி அதன் பின் நெடுநாள் இருக்கவில்லை. 1932 அக்டோபர் 29-ஆம் நாள், தம் 74-ஆம் வயதில் இயற்கை எய்தினார். பாரிஸுக்கு அருகே மோன்மோரான்சியில், குடிபெயர்ந்த போலந்துப் பெருமக்கள் பலர் துயிலும் இடுகாட்டில் அவரும் அடக்கம் செய்யப்பெற்றார். பெற்றோர் விட்டு வந்த போலந்து 1918-ஆம் ஆண்டில் மீண்டும் தனிநாடானதை அவர் கண்ணாற் கண்டுவிட்டே மறைந்தார்.

இன்று மூளையின் ஒவ்வொரு மடிப்பையும் படம் பிடிக்கும் பொறிகள் வந்துவிட்டன. ஆயினும் எந்த இடத்தைப் படம் பிடிப்பது என்று முடிவு செய்வதற்கு மருத்துவர் முதலில் நோயாளியைத் தொட்டுப் பார்த்தாகவேண்டும். பொறி இல்லாத சிற்றூரிலும், மின்சாரம் நின்றுபோன இரவிலும், ஒரு சாவிமுனை போதும். நம் வீட்டுப் பிள்ளைகளுள் மருத்துவக் கல்லூரியிற் பயில்பவரைக் கேட்டுப் பாருங்கள். நரம்பு மண்டலச் சோதனையைக் கற்ற நாளில் அவர்கள் அறிந்த பெயர்களுள் பாபின்ஸ்கியின் பெயரும் ஒன்றாக இருக்கும்.

அடுத்த முறை மருத்துவர் நம் பெரியவரின் காலுறையைக் கழற்றச் சொன்னால், காலத்தை வீணாக்குகிறாரே என்று எண்ணாதிருப்போம். நோயாளி சொல்லத் தெரியாமலோ சொல்ல இயலாமலோ இருக்கும் செய்தியை அவர் பாதத்தினிடம் கேட்டறிகிறார். அங்ஙனம் கேட்கக் கற்றுத் தந்தவர், குடிபெயர்ந்து வந்த ஒரு பொறியியலாரின் மகன். தாய்மொழிப் பள்ளியிற் படித்த பிள்ளை. தேர்விற் தோற்றும் நோயாளியின் கட்டிலருகே அயராது நின்றவர். அவர் வரலாற்றை நம் குழந்தைகளுக்கும் எடுத்துச் சொல்வோமாக.